சிறு வேலைத்தளத்துக்கு முதலுதவிப் பயிற்சி: யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்குவது, என்ன ஆயத்தம் செய்வது

கோண்டாவில் பக்கம் ஒரு அரைக்கும் ஆலையில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறேன். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல் மா, பண்டிகை வந்தால் மிக்சர். வேலை செய்பவர்கள் இருபத்திரண்டு பேர், அதில் பதினைந்து பேர் பெண்கள். தீபாவளி ஓடருக்காக இரவு வரை பொரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் எண்ணெய்த் தாச்சி சரிந்து ஒரு அக்காவின் முன்கை முழுவதும் வெந்துபோனது.

அடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் செய்ததெல்லாம் பிழை. ஒருவர் ஓடிப்போய்ப் பற்பசை கொண்டுவந்து பூசினார். முதலுதவிப் பெட்டி கந்தோர்ச் சுவரில் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. திறப்பு வெளியே போயிருந்த முதலாளியிடம். உடைத்துத் திறந்தால் உள்ளே மஞ்சளாகிப்போன பஞ்சு, காய்ந்த டிஞ்சர் போத்தல், அரை அட்டை பனடோல். நான் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்தேன். இடம் கேட்டார்கள். "பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை" என்றேன். எந்தப் பிள்ளையார் கோயில் என்று கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. கடைசியில் ஓட்டோ பிடித்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அந்தப் பற்பசையை நனைத்து நனைத்து எடுத்தபோது அக்கா பட்ட வேதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணெய் சுட்ட வலியை விட அதுதான் கூட என்று பிறகு அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அலைந்து, கேட்டு, பிழை விட்டுத் திருத்தி ஒழுங்குபடுத்தியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மில், வெல்டிங் பட்டறை, தச்சுப் பட்டறை, அச்சகம், பேக்கரி, கடை என்று ஐந்து பேர் வேலை செய்யும் இடமானாலும் இது பொருந்தும். பயிற்சிக்கு நாள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதற்படியை இன்றைக்கே செய்யலாம், செலவும் இல்லை.

1. முகவரியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கு 2018இல் வந்தது. முற்றிலும் இலவசம். தமிழில் பேசலாம். ஆனால் உங்கள் அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இராஜகிரியவில் உள்ள அழைப்பு மையத்தில் இருக்கிறார். அவருக்கு உங்கள் அரசடியும் தெரியாது, வைரவர் கோயிலடியும் தெரியாது. நமக்கோ முகவரி சொல்லிப் பழக்கம் இல்லை, அடையாளம் சொல்லித்தான் பழக்கம். அந்த இரண்டுக்கும் இடையில்தான் நிமிடங்கள் போய்விடுகின்றன.

ஆகவே ஒரு தாளில் இந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்: மாவட்டம், ஊர், பிரதான வீதியின் பெயர், எந்தச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம், ஒழுங்கையின் பெயர், கதவிலக்கம், கேற்றின் நிறம், திருப்பி அழைக்க வேண்டிய போன் இலக்கம். கோயிலை அடையாளமாகச் சொல்வதென்றால் அதன் முழுப் பெயரையும் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதி கந்தோர், அரைக்கும் பகுதி, அடுப்படி மூன்றிலும் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாரும் யோசித்துச் சொல்லமாட்டார்கள். வாசித்துத்தான் சொல்வார்கள்.

அதே தாளில் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, இடர் முகாமைத்துவ நிலையம் 117 ஆகியவற்றையும் எழுதுங்கள். யாழ். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்கு நேரில் போய் அவர்களுடைய நேரடி இலக்கத்தையும் கேட்டு வாருங்கள். போன கையோடு, உங்கள் ஒழுங்கைக்குள் அவர்களின் வாகனம் திரும்புமா என்றும் கேளுங்கள். எங்களுடையதில் திரும்பாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2. யாரை அனுப்புவது

நாங்கள் முதலில் எழுதிய பட்டியலில் முதலாளி, நான், இரண்டு மேற்பார்வையாளர்கள். அது பிழை. முதலாளி பாதி நாள் வெளியே, நான் கந்தோருக்குள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும்தான் பயிற்சி முதலில் தேவை.

ஒவ்வொரு பகுதியிலும், ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது இரண்டு பேர் என்று பாருங்கள். ஒருவர் லீவில் நின்றாலும், அல்லது அடிபட்டவரே அவராக இருந்தாலும், மற்றவர் இருக்க வேண்டும். இரவில் தங்கும் காவலாளியை விட்டுவிடாதீர்கள். இரத்தத்தைக் கண்டால் மயங்குபவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, எட்டாம் படியில் சொல்கிறேன்.

பெண்கள் கூட வேலை செய்யும் இடமானால் பெண்களையே கூடுதலாக அனுப்புங்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தால் உடுப்பைத் தளர்த்தவோ, மூச்சு நின்றுபோனால் நெஞ்சில் கைவைத்து அழுத்தவோ ஆண்கள் தயங்கி நிற்பார்கள். நாங்கள் எல்லோரும் அறிந்த உண்மைதான் அது, மறைத்துப் பயனில்லை.

3. எங்கே கேட்பது, என்ன கொடுப்பது

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளையிலும், சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பிலும் கேட்கலாம். தொழிற்பாதுகாப்புப் பக்கம் ஆலோசனை தேவையென்றால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தொழில்சார் பாதுகாப்புச் சுகாதாரத் தேசிய நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது. போனில் கேட்டு முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி நேரில் போனால் பயிற்றுநரோடேயே பேசலாம்.

கையோடு கொண்டுபோங்கள்:

நிறுவனத்தின் தலைப்புத் தாளில் ஒரு கோரிக்கைக் கடிதம். எத்தனை பேர், என்ன வேலை, என்ன ஆபத்துகள், எந்த நாட்கள் வசதி என்பவை அதில் இருக்கட்டும். "முதலுதவிப் பயிற்சி தேவை" என்று ஒரு வரி எழுதினால் பொதுவான வகுப்பு ஒன்றுதான் கிடைக்கும். "கொதி எண்ணெய், பெல்ட் மெஷின், மிளகாய்த் தூசி" என்று எழுதினால் அவற்றைச் சேர்த்துச் சொல்லித் தருவார்கள்.

வியாபாரப் பதிவின் பிரதி.

பங்குபற்றுவோர் பட்டியல், தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு. பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். நாங்கள் கூப்பிடும் பெயரை எழுதிக் கொடுத்து, ஆறு சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பி மாற்ற வேண்டி வந்தது. அதற்கே ஒரு மாதம்.

அங்கே நான்கு கேள்விகள் கேளுங்கள். தமிழில் நடத்தும் பயிற்றுநரா, குறிப்புகளும் தமிழிலா? நெஞ்சழுத்தம் (இருதயம் நின்றவருக்கு நெஞ்சில் கைவைத்து அழுத்துவது) பழகப் பொம்மை கொண்டுவருவார்களா, எத்தனை பேருக்கு ஒன்று? சான்றிதழ் எவ்வளவு காலத்துக்குச் செல்லும், அந்தத் திகதி அதிலேயே அச்சிடப்படுமா? பெண் பயிற்றுநர் ஒருவர் வருவாரா? பொம்மை இல்லை, திரையில் படம் காட்டி விளக்குவோம் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். கையால் அழுத்திப் பார்க்காதவருக்கு அந்த நேரத்தில் கை வராது.

4. செலவும் நாளும்

கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றும் இருக்கும், ஒரு குழுவுக்கு மொத்தமாக இவ்வளவு என்றும் இருக்கும். பதினைந்து பேருக்கு மேலென்றால் பயிற்றுநரை உங்கள் இடத்துக்கே அழைப்பது பெரும்பாலும் இலாபம். உங்கள் அடுப்பையும் மெஷினையும் அவர் கண்ணால் பார்ப்பதும் ஒரு நன்மை. கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். பயிற்றுநரின் போக்குவரத்து, குறிப்பேடு, சான்றிதழ்க் கட்டணம் ஆகியவை உள்ளடங்கியதா என்று கேளுங்கள். எங்களுக்கு இந்த மூன்றும் பிறகுதான் வந்து சேர்ந்தன.

கணக்கில் வராத செலவு வேலைநாள்தான். பயிற்சி நாளுக்குச் சம்பளம் கொடுங்கள். லீவு நாளில் சம்பளமில்லாமல் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் மனம் வீட்டில் இருக்கும். நாங்கள் இரண்டு பிரிவாகப் பிரித்து, பாதிப் பேர் வேலை, பாதிப் பேர் பயிற்சி என்று இரண்டு நாளில் முடித்தோம்.

கடிதம் கொடுத்து நாள் கிடைக்க எங்களுக்கு ஆறு கிழமை சென்றது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும், தைப்பொங்கலுக்கு முந்திய கிழமைகளும் வேண்டாம், ஆட்களும் வரமாட்டார்கள், ஓடரும் கூட. கார்த்திகை, மார்கழி மழையில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே வெள்ளம் நிற்கும். மாசி, பங்குனிதான் நல்ல காலம். அதற்கு மார்கழியிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

5. பயிற்சி நாளன்று

சேலையோடு வந்தவர்கள் முழங்காலில் இருந்து பழகச் சிரமப்பட்டார்கள். சுரிதார் போட்டு வரச் சொல்லுங்கள். பாய் நாலைந்து, நல்ல தண்ணீர், காற்றோட்டமான இடம் இவை போதும்.

எல்லோரும் பொம்மையில் அழுத்த வேண்டும், பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவரும் இருக்கக்கூடாது என்று முதலே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். வளர்ந்தவருக்கு நெஞ்சின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. சொல்லும்போது சுலபம். எங்கள் ஆலையில் மூட்டை தூக்கும் தம்பிக்கே இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று சொல்கிறார்கள். தனி ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதாது என்பதும் அங்கேதான் எங்களுக்கு உறைத்தது.

6. பெட்டி

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் முதலுதவிப் பெட்டியைக் கட்டாயமாக்குகிறது. கைக்கெட்டும் இடத்தில், பொறுப்பான ஒருவரின் பராமரிப்பில் இருக்க வேண்டும். பூட்டாதீர்கள். சாமான் களவு போகும் என்று பயமா? பிளாஸ்டர் போனால் போகட்டும்.

உள்ளே வையுங்கள்: கிருமிநீக்கிய கோஸ் பல அளவுகளில், சுருள் பன்டேஜ், முக்கோணத் துணி இரண்டு, பிளாஸ்டர், ஒட்டும் ரேப், நுனி மழுங்கிய கத்தரிக்கோல், கையுறை குறைந்தது ஐந்து சோடி, கண் கழுவ சேலைன் (கிருமிநீக்கிய உப்புநீர்) போத்தல், வாயில் மூச்சு ஊதும்போது இடையில் வைக்கும் மறைப்பு, சுத்தமான பொலித்தீன் பைகள், சிறு டோர்ச், குறிப்புப் புத்தகமும் பேனையும். சாதாரணப் பஞ்சைப் புண்ணில் நேரடியாக வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். கோஸ்தான் சரி.

குளிசை ஒன்றும் வேண்டாம். பனடோல் தேவையென்றால் கந்தோரில் தனியாக வையுங்கள். ஒருவருக்கு ஒத்துவருவது மற்றவருக்கு ஒத்துவராது, ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லவும் தெரிய வேண்டும்.

வெளியில் கட்டிவைத்து விற்கும் பெட்டியை வாங்காமல் மருந்துக்கடையில் ஒவ்வொன்றாக வாங்கினோம். ஒரு பெட்டிக்கு எட்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. அடுப்படிக்கு ஒன்று, மெஷின் பக்கம் ஒன்று. மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எது எத்தனை, காலாவதி எப்போது என்று எழுதி, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்.

7. எங்கள் வேலையில் நடக்கும் விபத்துகள்

தீக்காயம், எண்ணெய்ச் சூடு. ஓடும் குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து இருபது நிமிடம், இரண்டு நிமிடமல்ல. காப்பு, மோதிரம், மணிக்கூட்டை வீங்கும் முன்னே கழற்றுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், சித்தாலேப, முட்டை வெள்ளை, ஐஸ் எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பிறகு சுத்தமான பொலித்தீனால் தளர்வாக மூடி அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அடுப்படிக்கு ஒரு தனிக் குழாய் இழுத்தோம். அந்தக் குழாயை நாங்கள் முன்பே போட்டிருந்தால் அக்காவின் கையில் இன்று அந்தத் தழும்பு இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது என்று எனக்கு மனதில் நிற்கிறது.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. காஸை நிறுத்தி, பொருந்தும் மூடியால் மூடுங்கள். அந்த மூடி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் தொங்க வேண்டும். அடுப்புக்கு மேலே தொங்கினால் எடுக்க முடியாது.

பெல்ட்டில், மெஷினில் கை. முதலில் மெயின் சுவிட்ச். எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், சிவப்பு நிறம் அடியுங்கள். கையை இழுத்தெடுக்கப் போகாதீர்கள். இரத்தம் போனால் கோஸை வைத்து விடாமல் அழுத்துங்கள். நனைந்தால் மேலே இன்னொன்று, முதலாவதை எடுத்துப் பார்க்க வேண்டாம். விரல் துண்டானால் ஈரமான சுத்தக் கோஸில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து நோயாளியோடேயே அனுப்புங்கள். விரல் நேரே ஐஸில் படக்கூடாது.

மின்சாரம் தாக்கியவரைத் தொட முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இங்கே ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு உயிர் போவது இதில்தான்.

மிளகாய்த்தூள் கண்ணில். கசக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பாலோ தாய்ப்பாலோ விடுவது வேண்டாம்.

பாம்பு. ஆலைக்குள் மூட்டை இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. கட்டு விரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரங்களில் வீக்கமும் இராது, வலியும் இராது. "ஒன்றும் செய்யவில்லை, விடியப் பார்ப்போம்" என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. கீறவும் உறிஞ்சவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்து, நடக்க விடாமல் கொண்டுபோங்கள். பார்வை வைத்தியத்தையும் மந்திரிப்பையும் நம்புபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விஷமுறிவு ஊசி இருப்பது ஆஸ்பத்திரியில். முதலில் அங்கே. காவலாளிக்குக் கட்டிலும் நுளம்பு வலையும் வாங்கிக் கொடுங்கள்.

8. ஒரு தாளில் அவசரத் திட்டம்

பெரிய கோப்பு எழுத வேண்டாம். ஒரு தாளில் ஐந்து வேலை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்.

காயப்பட்டவரோடு நிற்பவர். 1990க்கு அழைத்து, அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காமல் பேசுபவர். மெஷினையும் காஸையும் நிறுத்துபவர். பெட்டி கொண்டுவந்து, மற்றவர்களை விலக்கிக் காற்றுவர வைப்பவர். ஒழுங்கை முகப்பில் போய் நின்று வாகனத்தைக் கைகாட்டிக் கூட்டிவருபவர். இரத்தம் பார்க்க முடியாதவர்களுக்கு இந்தக் கடைசி வேலையைக் கொடுங்கள். மிக முக்கியமான வேலை அது.

தாளின் பின்பக்கம் ஒரு சின்ன வரைபடம். வெளியேறும் வழி, ஒன்றுகூடும் இடம், தீயணைப்புக் கருவி. புகையிரதக் கடவை பூட்டியிருந்தால் எந்தப் பக்கத்தால் போவது, நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மறித்திருக்கும்போது பெரியாஸ்பத்திரிக்கு எந்த வழி, மழைக்காலத்தில் எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் உங்களுக்குக் கிட்ட என்றால் அவற்றையும் எழுதி வையுங்கள்.

நீரிழிவு, வலிப்பு, இருதய நோய், மருந்து ஒவ்வாமை உள்ளவர்களின் விபரத்தை அவர்கள் சம்மதத்தோடு மூடிய கடித உறையில் வையுங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம். வீட்டாரின் இலக்கம் எல்லோருடையதும் இருக்கட்டும்.

9. விபத்துக்குப் பிறகு காகிதங்கள்

இதில்தான் பலர் தவறுகிறார்கள். அன்றைக்கே ஒரு விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், என்ன வேலை செய்தபோது, யார் பார்த்தது, என்ன முதலுதவி, எத்தனை மணிக்கு எந்த ஆஸ்பத்திரி. நாற்பது ரூல் கொப்பி ஒன்றே போதும், ஆனால் பக்கங்களுக்கு இலக்கம் இடுங்கள்.

ஆலை, பட்டறை போன்ற இடங்களில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, காயப்பட்டவர் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியால் வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் பிரதி எடுத்து வையுங்கள், மூலம் தொழிலாளியிடமே இருக்கட்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் அலைவது அவர்தான். காப்புறுதி இருந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இப்போதே பார்த்துக் கோடிட்டு வையுங்கள்.

10. ஒத்திகை

சான்றிதழைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டாலும் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் போதும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவரைக் கீழே படுக்க வைத்து, நேரம் எடுங்கள். 1990க்கு மட்டும் உண்மையாக அழைக்க வேண்டாம். ஒருவரின் போனுக்கு அழைத்து முகவரியை வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் முதல் ஒத்திகையில் ஒழுங்கை முகப்புக்கு ஆள் போய்ச் சேர ஏழு நிமிடம். காரணம் பின் கேற் பூட்டியிருந்தது, திறப்பை யார் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. இரண்டாம் முறை இரண்டு நிமிடத்துக்குள். அந்தத் திறப்பு இப்போது பெட்டிக்குப் பக்கத்து ஆணியில், சிவப்பு நாடா கட்டித் தொங்குகிறது. காலையில் வந்ததும் அது இருக்கிறதா என்று பார்ப்பது அந்த அக்காவின் பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.